மணிலா வாத்து முட்டை 28 நாளாகியும் பொரிக்கவில்லை. கூமுட்டையா?

பெகு செல்வி:
வணக்கம். பர்மாவுல பெகு பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நெல் வயல், வீட்டுக்குப் பின்னால ஒரு குட்டை. போன வருஷம் பக்கத்து வீட்டு பர்மாக்கார அக்கா ஒரு ஜோடி ‘மண்டாலி’ வாத்து கொடுத்தாங்க. மூஞ்சியெல்லாம் சிவப்பு மரு. பேரைக் கேட்டு மாந்தலே ஊர் வாத்துன்னு நினைச்சேன். ஊர்லேருந்து வந்த சித்திதான் “இது மணிலா வாத்துடி”ன்னு சொன்னாங்க.

பெட்டை 12 முட்டை இட்டு அடை உட்கார்ந்தது. காலண்டர்ல 28 நாள் எண்ணி வட்டம் போட்டு வச்சேன். ஒண்ணும் அசையல. 30ஆம் நாள் பொறுக்க முடியாம ஒண்ணை உடைச்சுப் பார்த்தா, உள்ளே குஞ்சு உயிரோட துடிக்குது. இன்னும் மனசு ஆறல. மீதி 11ஐ என்ன செய்யறது?

இன்னொண்ணு. ஆண் வாத்து இருட்டினா குடிலுக்குள்ள வராம பலாமரத்துல போய் உட்காருது. கத்தறதும் இல்ல, பாம்பு மாதிரி சீறுது. மாமியார் “இது சகுனம் சரியில்ல, குழம்பு வச்சிடு”ங்கறாங்க.

ரங்கூன் பாண்டி:
முட்டையைப் பத்தித் தெரியாது. குழம்பு விஷயத்துல மாமியார் சொல்றதுதான் சரி. இஞ்சி தூக்கலா இருக்கட்டும்.

சிரியம் மாலுமி:
தங்கச்சி, முட்டையைத் தொடாதே. 28 நாள் சாதா வாத்துக் கணக்கு. இதுக்கு 35 நாள். சந்தேகமா இருந்தா ராத்திரி டார்ச் மேல முட்டையை வச்சுப் பாரு. ஒரு முனையில காத்து நிக்கற காற்றறை தவிர மற்றதெல்லாம் இருட்டா இருந்தா குஞ்சு இருக்கு. பெட்டை தினம் ஒரு தடவை எழுந்து குளிச்சிட்டு ஈரத்தோட வந்து உட்காரும். அதைத் தடுக்காதே.

மரம் ஏறுறதுக்கு ஒரு கதை இருக்கு. நான் சரக்குக் கப்பல்ல இருந்தவன். அலுமினியம் எடுக்கற பாக்சைட் மண் ஏத்தறதுக்கு பிரேசில்ல அமேசானுக்குள்ள நுழைஞ்சு திரொம்பேத்தாஸ் ஆறு வரைக்கும் போவோம். கடல் கப்பல் காட்டுக்கு நடுவுல போகும். டெக்ல நின்னா ரெண்டு பக்கமும் மரம்தான். ஒரு விடியக்காலை கரையோரப் பெரிய மரத்திலேருந்து கறுப்பா ஒண்ணு பறந்தது. வெயில் பட்ட இடத்துல பச்சை மினுக்கு, இறக்கையில பளிச்சுனு வெள்ளை. கழுகுன்னு நினைச்சேன். ஆத்துல கப்பலுக்கு வழிகாட்ட ஏறியிருந்த பிரேசில் பைலட் சிரிச்சிட்டு ‘பாட்டோ டு மாட்டோ’ன்னார். காட்டு வாத்துன்னு அர்த்தம். உன் பலாமரத்துல உட்கார்றவனோட சொந்தக்காரன்தான்! மரு மட்டும் வீட்டு வாத்துக்கு இருக்கற அளவு கிடையாது.

மெக்சிகோவிலேருந்து அர்ஜென்டினா வடக்கு வரைக்கும் அதுக்குச் சொந்த ஊர். பொந்துள்ள மரத்துல உயரமா முட்டையிடும். குஞ்சு பொரிச்சதும் அங்கேருந்து கீழே குதிக்கும். மரத்துல பிடிச்சு ஏறத்தான் காலில் அவ்வளவு கூரான நகம். பிடிச்சுப் பார்க்கறதா இருந்தா முழுக்கைச் சட்டை போட்டுக்கோ, எனக்கு முழங்கையில இன்னும் தழும்பு இருக்கு. குரல் விஷயமும் அப்படித்தான், ஆணுக்குச் சீறல்தான் பேச்சு. காட்டுல ஆண் ரெண்டு வீசைகூடத் (பர்மா வீசை ஒண்ணு சுமார் 1.6 கிலோ) தாண்டும், பெட்டை ஒரு வீசை வராது. வித்தியாசத்தைப் பார்த்து வேற வேற ஜாதின்னு நினைச்சிடாதே.

கொலம்பஸ் போறதுக்கு முன்னாடியே அந்த ஊர்ச் செவ்விந்தியர்கள் இதை வீட்டுல வளர்த்திருக்காங்க. நம்ம மத்த வீட்டு வாத்தெல்லாம் பச்சைத்தலைக் காட்டு வாத்து வம்சம், இது ஒண்ணுதான் தனி. ரெண்டையும் சேர விட்டா குஞ்சு பிறக்கும், ஆனா அந்தக் குஞ்சுக்கு வாரிசு வராது, கோவேறு கழுதை மாதிரி.

மிச்சினா ராஜூ:
அண்ணே, எங்க வடக்குல ஹூக்காங் பள்ளத்தாக்குக் காட்டுலயும் மரத்துல தங்கற பெரிய வாத்து ஒண்ணு இருக்கே. கறுத்த உடம்பு, புள்ளி போட்ட வெள்ளைத் தலை. செல்வி அக்காவோடது அதோட கலப்பா இருக்குமோ?

சிரியம் மாலுமி:
இல்ல தம்பி. அது வெள்ளை இறக்கை வாத்து, நம்ம ஆசியாவோடது. காடு போகப் போக அதுவும் போய்க்கிட்டிருக்கு. பார்வைக்கு ஒண்ணா இருக்குன்னு விஞ்ஞானிகளே ஒரு காலத்துல ரெண்டையும் ‘கெய்ரினா’ங்கற ஒரே பேரினத்துல வச்சிருந்தாங்க. அப்புறம் பிரிச்சுட்டாங்க. அதை யாராவது பிடிச்சு விக்க வந்தா வாங்காதே.

பெகு செல்வி:
அண்ணே, 35ஆம் நாள் சாயங்காலம் ஓடு கீறுச்சு. விடியறதுக்குள்ள ஒன்பது குஞ்சு, ரெண்டு கூமுட்டை. ரெண்டு நாள் வயசுலயே மூணு குஞ்சு நகத்தால பிடிச்சுக் கூடை விளிம்புல ஏறி வெளியே விழுது. மாமியார் இப்போ குழம்புப் பேச்சே எடுக்கறதில்ல, குஞ்சுக்குக் குருணை ஊற வைக்கறதே அவங்கதான். ஆணை மட்டும் இன்னும் திட்டறாங்க. பலாமரத்தடியில துணி காயப் போட முடியல.