'வெர்டிகோ'வுக்குத் தமிழ் சப்டைட்டில் இருக்கா?

வணக்கம் உறவுகளே. இலங்கையில அட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து எழுதுறேன். ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' (1958) படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் ஃபைல் யாரிடமாவது இருக்கா?

போன ஞாயிறு விடாத மழை. அம்மாவோட உட்கார்ந்து பார்த்தேன். கதாநாயகி கிம் நோவாக் கொண்டை போட்டு, சாம்பல் நிற உடுப்போட, பச்சை வெளிச்சத்துல நடந்து வர்ற இடம். அதுவரை வாயே திறக்காத அம்மா, கதாநாயகனைக் காட்டி, "செத்தவ மாதிரியே இவளையும் ஆக்கப் பாக்குறானே, இது என்ன ஆசை?"ன்னு கேட்டாங்க. (கதையை உடைச்சிட்டேன், மன்னிக்கவும்.) நான் படத்தை நிறுத்தி நிறுத்தித் தமிழ்ல சொன்னதுல மர்மமெல்லாம் போச்சு.

என்கிட்ட உள்ள ஆங்கில ஃபைலும் எட்டு செக்கன் பிந்தித்தான் ஓடுது. படம் 2 மணி 8 நிமிஷம். தமிழ்ல இல்லாட்டி நானே எழுதுறேன், நேரம் சரிபண்ற விதத்தை மட்டும் யாராச்சும் சொல்லித் தாங்க.