ஜார்ஜியாவில் 'மாமா' என்றால் அப்பா: தற்செயலா, உறவா?

திபிலிசி_தம்பி
ஜார்ஜியா நாட்டின் தலைநகர் திபிலிசியில் மருத்துவம் படிக்கிறேன். நேற்று ருஸ்தாவெலி மெட்ரோ மின்படிக்கட்டில் எனக்கு முன்னால் மூன்று வயதுக் குழந்தை ஒன்று, பக்கத்தில் நின்றவரின் சட்டையைப் பிடித்து இழுத்து "மாமா, மாமா" என்றது. நம்மைப் போல நீட்டவில்லை, கொஞ்சம் குறுக்கித்தான் சொன்னது. தாய்மாமன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வகுப்புத் தோழியிடம் கேட்டால், அது அப்பாவாம். அம்மாவுக்கு 'தெதா'வாம். நமக்கு அம்மா கூடப் பிறந்தவர், சீனர்களுக்கு அம்மா, இவர்களுக்கு அப்பா. இதற்குப் பின்னால் பழைய உறவு ஏதாவது இருக்குமா?

வேர்ச்சொல்_தேடி
இருக்கும் தம்பி. அம்மா, அம்மான், மாமன், மாமி என்று நம் உறவுச் சொற்களில் பாதி 'மா'வைச் சுற்றித்தான் இருக்கின்றன. கொரியாவில் ஒம்மா, அப்பா. ஆப்பிரிக்காவின் சுவாஹிலியில் அம்மாவைச் சொல்லும் சொல் 'மாமா', பெருவின் ஆண்டீஸ் மலையில் பேசும் கெச்சுவா மொழியிலும் அப்படியே. உலக மொழிகளுக்குத் தமிழே மூலம் என்று மொழி ஆய்வாளர் தேவநேயப் பாவாணர் வாழ்நாளெல்லாம் வாதாடினார். கடல் கடந்து இத்தனை ஊரில் ஒரே ஒலி இருப்பதைத் தற்செயல் என்று தள்ள என் மனம் ஒப்பவில்லை.

நாவும்_இதழும்
ஐயா, தற்செயல் இல்லை என்பது சரி. ஆனால் அதனாலேயே உறவு என்று ஆகிவிடாது. பால் குடிக்கும் குழந்தையைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். உதடு மூடியிருக்கிறது, வாய் நிறையப் பால். மூக்கு வழியாகத்தான் சத்தம் வர முடியும், அது 'ம்'. வாயை எடுத்ததும் 'ஆ'. எந்த நாட்டுக் குழந்தைக்கும் இதே உதடும் மூக்கும்தானே? மானிடவியலாளர் மர்டாக் உலகெங்கும் இருந்து திரட்டிய, தாய் தந்தையைக் குறிக்கும் 1072 சொற்களை வைத்து மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1960இல் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான். ஒலி குழந்தையுடையது, யாரைக் கூப்பிடுகிறது என்று முடிவு செய்வது பெரியவர்கள். துருக்கியில் 'மாமா' என்றால் குழந்தைக்கு ஊட்டும் சாப்பாடு. நம் வீட்டு 'மம்மு' தானே அது! ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் பிட்ஜன்ஜாரா மொழியில் மாமா என்றால் அப்பா. ஜப்பானியர் தாயைச் சொல்லும் 'ஹஹா' முற்காலத்தில் 'பபா'வாக இருந்தது.

வேர்ச்சொல்_தேடி
நீங்கள் காட்டுவதெல்லாம் விதிவிலக்கு. ஜார்ஜியாவில் யாரோ இடையில் மாற்றிப் புழங்கியிருக்கலாம். ஒரு சொல் தடம் மாறியதால் மூலமே இல்லை என்றாகுமா?

திபிலிசி_தம்பி
இடையில் மாறியது மாதிரித் தெரியவில்லை ஐயா, தோழியிடம் மறுபடி கேட்டேன். பாதிரியாரைக் கூப்பிடுவது 'மமாவோ'. சேவலுக்கு 'மமலி'. 'தெதா' பக்கம் பார்த்தால் தலைநகரம் 'தெதகலகி', அதாவது தாய்நகர். தாய்மொழி 'தெதயெனா'. 1978 ஏப்ரல் 14 அன்று, ஜார்ஜிய மொழியின் ஆட்சிமொழித் தகுதியைச் சோவியத் ஆட்சி எடுத்துவிடக் கூடாது என்று இதே திபிலிசித் தெருவில் திரண்டு நின்று காப்பாற்றியிருக்கிறார்கள். இன்றும் அந்த நாளைத் தாய்மொழி நாளாகக் கொண்டாடுகிறார்கள். சேவல் வரைக்கும் வேர் போன சொல்லை நேற்று வந்தது என்று எப்படிச் சொல்வது?

கோவை_மருமகள்
இருவரிடமும் எனக்கு ஒரு கேள்வி. குழந்தையின் வாய் 'மாமா'வைத் தரும், சரி. அம்மாவின் அண்ணன் தம்பி என்ற பொருளை அது தருமா? இந்தியிலும் தமிழிலும் அச்சு அசலாக அதே பொருள். இதற்குக் காரணம் பால் குடிக்கும் வாய் இல்லை, அக்கம்பக்கத்துப் புழக்கம். ஆனால் இந்திக்காரர் அங்கேயே நின்றுவிடுகிறார். அத்தையின் கணவர் அவருக்கு 'ஃபூஃபா', மாமனார் 'சசுர்'. நமக்கு இந்த இருவரும் மாமாதான். அத்தை மகனையும் மாமன் மகளையும் கட்டிக்கொடுத்தே வந்ததால் மூன்று பேரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். நான் கல்யாணத்துக்கு முன்பு மாமா என்று கூப்பிட்டவரேதான் இன்று என் மாமனார். கூப்பிடும் சொல்லை மாற்ற வேண்டிய தேவையே வரவில்லை.

நாவும்_இதழும்
ஒத்துக்கொள்கிறேன். அக்கம்பக்கத்தில் நூற்றாண்டுகளாகப் பழகியவர்களிடம் ஒலியும் பொருளும் சேர்ந்து ஒத்துப்போனால் கொடுக்கல் வாங்கலைத் தேடுவது நியாயம். எனக்கு ஒப்பாதது, ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டு கொரியாவுக்கும் பெருவுக்கும் பாலம் போடுவது.

வேர்ச்சொல்_தேடி
இந்திக்கு அந்தச் சொல் நம்மிடமிருந்து போனது என்றே இப்போதும் நினைக்கிறேன். ஜார்ஜியாவைப் பற்றி இனி வாதாட மாட்டேன், தம்பி சொன்ன சேவல் என்னை நிறுத்திவிட்டது. அப்புறம் ஒன்று, நம் தாய்மாமனை அங்கே என்னவென்று கூப்பிடுகிறார்கள்?

திபிலிசி_தம்பி
'பிட்ஸா' ஐயா. அப்பாவின் தம்பிக்கும் அதேதான். அத்தை மகள், மாமன் மகளைக் கட்டும் வழக்கம் இங்கே கிடையாது. என் தாய்மாமன் மகளைத்தான் அண்ணனுக்குப் பேசியிருக்கிறார்கள் என்று தோழியிடம் சொன்னேன். நம்ப முடியாமல், இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.