பிக்டோகிராமுக்குத் தமிழ் வேண்டும், திங்கட்கிழமைக்குள்

அண்ணா நகர், வியாழன் இரவு

கலைச்சொல் குழுவில் எல்லோருக்கும் வணக்கம். தானியங்கி விற்பனை இயந்திரம் ஒன்றின் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். காசு போட்டால் துணிப்பையும் தண்ணீர் பாட்டிலும் தரும். கோயம்பேடு சந்தையில் 2022இல் வைத்தார்களே, 10 ரூபாய்க்கு மஞ்சப்பை தருவது, கிட்டத்தட்ட அந்த இனம்.

இதில் ஓர் அத்தியாயம் முழுக்க 'பிக்டோகிராம்' பற்றியது. எழுத்து இல்லாமல், பார்த்தவுடன் புரியும்படி இயந்திரத்தின் முகப்பில் ஒட்டுகிற படங்கள். காசு இங்கே போடு, பொருளைக் கீழே எடு, மீதிச் சில்லறை வராது, சரக்கு தீர்ந்தது. இப்போதைக்கு 'படக்குறி' என்று போட்டு வைத்திருக்கிறேன், மனசு ஒப்பவில்லை. 47 இடத்தில் வருகிறது. திங்கட்கிழமை காலை கோப்பு போக வேண்டும். கைகொடுங்கள்.

மயிலாப்பூர், வெள்ளி காலை

அம்மா, புதிதாக ஆக்குவானேன்? பழையதைத் தூசு தட்டினால் போதும். யாப்பருங்கல விருத்தி என்ற பழைய இலக்கண உரை எழுத்தை உருவெழுத்து, உணர்வெழுத்து, ஒலியெழுத்து, தன்மையெழுத்து என்று பிரித்துப் பேசுகிறது. கண்ணில் பட்ட உருவத்தைத் தேர்ந்த ஓவியன் கைவேலை போலத் தீட்டிக் காட்டுவது உருவெழுத்து. உங்கள் பிக்டோகிராம் இதுவன்றி வேறென்ன?

அது நீளம் என்றால் 'பொறி' இருக்கிறது. சேரனுக்கு விற்பொறி, சோழனுக்குப் புலிப்பொறி, பாண்டியனுக்குக் கயற்பொறி. எல்லாம் எழுத்தில்லாமல் ஆளை அடையாளம் காட்டிய படங்கள்தாம். இயந்திரத்துக்கும் பொறி என்றே பெயர். பொறிமேல் பொறி! இப்படி ஒரு பொருத்தம் தேடினாலும் கிடைக்காது.

தரமணி, வெள்ளி பகல்

பொருத்தம்தான் ஐயா. ஆனால் 'பொறியிலுள்ள பொறியைப் பார்த்து அழுத்துக' என்று எழுதினால் ரிப்பேருக்கு வருகிற பையன் எதைக் கழற்றுவான்? இயந்திரத்தில் பொறி தெரிகிறது என்று யாராவது சொன்னால் தீயணைப்பு வண்டி வந்துவிடும்.

நான் வடிவமைப்புத் துறையில் இருப்பவன். 'படவுரு' என்று எழுத நினைப்பவர்கள் கவனிக்க, அது ஐகானுக்குப் போய்விட்டது. இரண்டும் ஒன்றல்ல. போனில் இருக்கும் ஐகானை நாலு தடவை தப்பாகத் தொட்டுப் பழகிக்கொள்ளலாம். பொது இடத்துப் படம் முதல் தடவையே புரிய வேண்டும், பின்னால் வரிசை நிற்கிறது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பானிய மொழி தெரியாமல் வந்த கூட்டத்துக்காகப் படங்களை வரைந்தார்கள். 1974இல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக்கு 34 படங்கள் கொண்ட தொகுப்பு வந்தது. 1980இல் இத்தகைய பொது இடத்துப் படங்களுக்கான பன்னாட்டுத் தரம், ஐஎஸ்ஓ 7001. படம் மக்களுக்குப் புரிகிறதா என்று சோதிக்கும் முறைக்கே ஐஎஸ்ஓ 9186 என்று தனித் தரம் உண்டு. அமெரிக்கத் தரம் ஒன்றில், பாதுகாப்புக் குறிகளை 100க்கு 85 பேராவது சரியாகச் சொல்ல வேண்டும், ஆபத்தாகும்படி நேர்மாறாகப் புரிந்துகொள்பவர்கள் 5 பேரைத் தாண்டக் கூடாது.

நம் குழு ஆக்கிய சொல் எதையாவது இப்படிச் சோதித்திருக்கிறோமா? சும்மா கேட்கிறேன்.

வியாசர்பாடி, வெள்ளி இரவு

'படக்குறி' என்பதை எட்டாம் வகுப்பில் ஒரு தரம் உரக்கப் படித்துப் பாருங்கள், கடைசி பெஞ்சு என்ன செய்கிறது என்று தெரியும். நான் இத்தனை வருஷமாகக் 'குறியீடு' என்று சொல்லித் தப்பித்து வருகிறேன். எங்கள் பள்ளியில் நாப்கின் தரும் இயந்திரம் இருக்கிறது. பிள்ளைகள் அதன் பக்கத்தில் நிற்கவே கூச்சப்படுகிறார்கள். அதற்கு விளக்கம் எழுதும்போது 'குறி' வேண்டவே வேண்டாம்.

'சின்னம்' இருக்கும்போது எதற்கு இந்த அலைச்சல்? 1951-52 பொதுத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, பெட்டிமேல் சின்னம். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களும் பார்த்துத்தான் சீட்டைப் போட்டார்கள். உதயசூரியனுக்கும் இரட்டை இலைக்கும் இங்கே யாராவது கலைச்சொல் கேட்டார்களா?

பெரம்பூர், சனி காலை

டீச்சர், சின்னம் வடசொல். சிஹ்னம் என்பதன் திரிபு. நல்ல தமிழில் நாலு வழி இருக்க அதை ஏன் இழுக்க வேண்டும்? கடைசி பெஞ்சுக்குப் பயந்தால் குறிஞ்சியையும் விட்டுவிட வேண்டியதுதான். படக்குறியே இருக்கட்டும்.

மயிலாப்பூர், சனி காலை

தம்பி, படம் மட்டும்? துணியைக் குறிக்கும் 'பட' என்ற வடசொல்லிலிருந்து வந்தது என்று அகராதி சொல்கிறது. துணியில் தீட்டியதால் படம்.

பெரம்பூர், சனி காலை

அகராதி சொல்லும், நாம் ஏற்க வேண்டுமா? படிவது படம். படு, படி, படிமம் எல்லாம் ஒரு வேர். துணியும் உடம்பில் படிவதுதான். இங்கிருந்து வடக்கே போன சொல் என்பது என் துணிபு.

*(இதன்பின் சனி மாலை வரை படு, படை, படாம், படகு, பாம்பின் படம் என்று 11 மடல்கள். சின்னம் என்றால் பெருமாள் புறப்பாட்டில் ஊதும் திருச்சின்னமும்தானே என்று ஒருவர் ஆரம்பித்து, அது ஒற்றையா இரட்டையா என்பதில் இரண்டு பேருக்குச் சண்டை.)*

அண்ணா நகர், ஞாயிறு மாலை

தரமணித் தம்பி கேட்டது உறுத்திக்கொண்டே இருந்தது. காலையில் படங்களை அச்செடுத்துக்கொண்டு கோயம்பேட்டுக்கே போனேன். பூக்கடை, மூட்டை தூக்குபவர்கள், டீக்கடை என்று 14 பேர். ஆய்வு என்று சொல்லமாட்டேன்.

துளைக்கு மேல் காசு இருக்கும் படத்தைப் பார்த்த ஒரு பூக்கார அம்மா, "உண்டியலு. எந்தக் கோயிலு?" என்றார். அதே பதில் இன்னும் மூன்று பேரிடம். கீழே கை நீட்டும் படம், பொருளை எடுக்கச் சொல்வது, பாதிப் பேருக்குக் 'கையை உள்ளே விடாதே' என்று பட்டது. வளைந்த அம்புக்குறிமேல் காசும் குறுக்குக்கோடும் போட்ட படத்தைப் பார்த்து ஓர் ஆட்டோக்காரர், "யூ டர்ன் கிடையாது" என்றார். சரக்கு தீர்ந்ததற்குக் காலிப் பெட்டி படம். அது யாருக்குமே புரியவில்லை.

அப்புறம், இந்த மாதிரி படத்துக்கு என்ன பேர் சொல்லுவீங்க என்று கேட்டேன். 'படம்' ஆறு பேர். 'சிம்பல்' மூன்று. 'சின்னம்' இரண்டு. 'மார்க்' ஒன்று. மீதி இரண்டு பேர், வயதானவர்கள், 'பொம்மை' என்றார்கள். 'பொம்மை போட்டிருக்கே, அதான?'

'படக்குறி', 'உருவெழுத்து', 'பொறி' மூன்றையும் நானே சொல்லிப் பார்த்தேன். உருவெழுத்து என்றதும் ஒருவர், கிறுக்கலான கையெழுத்தா என்றார். பொறிக்குப் பதில், "பொரியா? அந்தாண்ட கடையில இருக்கும்."

மயிலாப்பூர், ஞாயிறு இரவு

பொரி விற்பவரை வைத்துப் பொறியைத் தள்ளலாகாது. அது றகரம், இது ரகரம். நாம் ஒழுங்காக ஒலித்தால் வராத குழப்பம்.

ஆனால் பூக்கார அம்மா சொன்னது ரொம்பச் சரி. அலெக்சாண்டிரியா நகரத்து ஹீரோ, கிபி முதல் நூற்றாண்டில் எழுதியவர், காசு போட்டால் புனித நீர் தரும் கருவியை விவரித்திருக்கிறார். காசின் எடை நெம்புகோலைச் சாய்க்கும், காசு சரிந்து விழும்வரை தண்ணீர் வரும். கோயிலில் வைக்க! விற்பனை இயந்திரமே உண்டியலாகத்தான் பிறந்திருக்கிறது.

தரமணி, ஞாயிறு இரவு

நானும் டீச்சர் பக்கம் இருந்தேன், இப்போது 'பொம்மை'க்கு மாறுகிறேன். விளையாட்டில்லை.

அக்கா, இன்னொன்று. சரக்கு இருக்கிறது, இல்லை என்பதைப் பச்சை சிவப்பு விளக்கால் மட்டும் காட்டச் சொல்லியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். உணவுப் பொட்டலத்தில் அசைவத்துக்கு இருந்த பழுப்பு வட்டத்தை முக்கோணமாக மாற்றினார்களே, நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்காகத்தான்.

அண்ணா நகர், திங்கள் காலை

கடைசிக் கணக்கு: படக்குறி 5, சின்னம் 4, உருவெழுத்து 1, பொம்மை 1. படக்குறியையே அனுப்பிவிட்டேன். டீச்சருக்காக, பள்ளிகளுக்கான பக்கத்தில் மட்டும் 'சின்னம்'. ஒரே கையேட்டில் இரண்டு சொல், தெரியும், திட்டாதீர்கள். உண்டியல் விஷயத்தையும் எழுதினேன். படங்களை மாற்ற நேரமில்லை என்று பதில்.

பெரம்பூர், திங்கள் காலை

இரட்டைச் சொல்லுக்கு என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன்.

அண்ணா நகர், வியாழன்

அச்சுப் படி வந்தது. அங்கே யாரோ ஒற்றெல்லாம் வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். 'படகுறி' என்று இருக்கிறது. 44 இடத்தில். என் பக்கத்தில் உட்கார்ந்து படித்த பையன், "இது என்ன படகு?" என்கிறான்.

மயிலாப்பூர், வியாழன்

பொறியில் எடுப்பதற்கு ஒற்றே இல்லை.