யூத, அரபுக் குழந்தைகள் சேர்ந்து படிக்கும் பள்ளிகள்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்களேன்

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஆசிரியர் வாசிப்பு வட்டத்தில் அடுத்த மாதம் இஸ்ரேலின் இருமொழிப் பள்ளிகள் பற்றி நான் பேச வேண்டும். அடிப்படைத் தகவல்கள் கையில் இருக்கின்றன. யூதர்களும் அரபு மக்களும் சேர்ந்து வாழும் நெவே ஷாலோம் கிராமத்தின் தொடக்கப்பள்ளி 1984இல் தொடங்கியது. ‘ஹேண்ட் இன் ஹேண்ட்’ அமைப்பு 1998இல் ஜெருசலேமிலும் கலிலேயாவிலும் பள்ளிகளைத் திறந்தது. 2004இல் கஃபர் காரா என்ற அரபு ஊரிலேயே ஒரு பள்ளி வந்தது. யூதப் பெற்றோர் பிள்ளைகளை அங்கே அனுப்பினார்கள் என்பது சாதாரண விஷயமில்லை. 2014 நவம்பரில் ஜெருசலேம் பள்ளியின் ஒன்றாம் வகுப்பு அறைக்குத் தீ வைத்து, சுவரில் அரபு எதிர்ப்பு வாசகங்களை எழுதிவிட்டுப் போனார்கள். பள்ளி மூடப்படவில்லை.

எனக்கு வேண்டியது வகுப்பறைக்குள் நடப்பது. ஒரு யூத ஆசிரியர், ஒரு அரபு ஆசிரியர் என இருவர் ஒரே வகுப்பில் நிற்கும்போது பாடத்தை எப்படிப் பிரித்துக்கொள்கிறார்கள்? அரபுப் பிள்ளைகள் ஹீப்ருவில் சரளமாகிவிடுகிறார்கள், யூதப் பிள்ளைகளின் அரபி அந்த அளவுக்கு வருவதில்லை என்கிறார்கள். இதற்கு என்ன செய்கிறார்கள்? ஒரு தரப்புக்குச் சுதந்திர தினம், மறு தரப்புக்கு நக்பா, அதாவது 1948இல் பாலஸ்தீனர்கள் வீடிழந்து வெளியேறிய பேரழிவின் நினைவு. அந்த வாரம் எட்டு வயதுப் பிள்ளையிடம் என்னதான் சொல்கிறார்கள்? ‘அன்பால் இணைந்தார்கள்’ வகைக் கட்டுரைகள் தயவுசெய்து வேண்டாம், ஏற்கெனவே நிறையப் படித்தாயிற்று.

அங்கே வேலை பார்த்தவர்கள், ஹீப்ரு அல்லது அரபி படிக்கத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். ஆரம்பப் பள்ளி முடிந்ததும் யூதப் பிள்ளைகள் பலர் வேறு பள்ளிக்கு மாறுவது ஏன் என்று தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.