மகள் எழுதிய கதையில் நான் எதுவரை கைவைக்கலாம்?

கேள்வி: ஒரு தாய்

அனைவருக்கும் வணக்கம். பத்து வயதான என் மகள், 8 முதல் 12 வயது வரையுள்ள சிறுவர்களுக்கான ஒரு சிறுகதைப் போட்டிக்காகத் தானே ஒரு கதை எழுதியிருக்கிறாள். விழுந்த பால்பல்லை ஒரு சிறுமி சன்னல் விளிம்பில் வைத்துவிட்டுத் தூங்கிப்போகிறாள். எறும்புகள் அதை இழுத்துக்கொண்டு போகின்றன. அவள் விழித்ததும் அவற்றின் பின்னாலேயே சென்று, புற்றின் வாயிலில் உட்கார்ந்து, பல்லைத் திருப்பித் தரும்படி எறும்புகளின் தலைவியிடம் பேரம் பேசுகிறாள். இதுதான் கதை.

கையால் எழுதியதைக் கணினியில் ஏற்றும் பொறுப்பு என்னுடையது. ஒற்றுப்பிழைகளை மட்டும் திருத்துவோம் என்று தொடங்கிய நான், எப்படியோ வாக்கியங்களையும் மாற்றத் தொடங்கிவிட்டேன். "பல் கனமாக இருந்தது. எறும்பு அதை யாரிடமும் சொல்லவில்லை" என்று அவள் எழுதியிருந்ததை, "எறும்புகள் மிகுந்த சிரமத்துடன் பல்லைச் சுமந்து சென்றன" என்று ஆக்கினேன். முடிவில் விடாமுயற்சியைப் பற்றி ஒரு வரியும் சேர்த்தேன். படித்துப் பார்த்தவள், "நல்லாத்தான் இருக்கும்மா, ஆனா இது என் கதை இல்லையே" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். அந்த ஒரு வரி மூன்று நாள்களாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

படைப்பு போட்டியாளரின் சொந்த எழுத்தாக இருக்க வேண்டும், 500 சொற்களைத் தாண்டக் கூடாது என்கின்றன விதிகள். அவளுடைய கதையிலோ 720 சொற்கள் இருக்கின்றன. திருத்தத்திற்கு எல்லை எது, 220 சொற்களை யார் எப்படிக் குறைப்பது, எறும்புகள் பேச்சுத்தமிழில் பேசலாமா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: நடுவராக இருந்த ஒருவர்

சிறுவர் கதைப் போட்டிகளில் முதல் சுற்று வாசிப்பாளராகச் சில ஆண்டுகள் இருந்திருக்கிறேன். நீங்கள் மாற்றிய அந்த வரியைத் தயவுசெய்து பழையபடி வைத்துவிடுங்கள். "எறும்பு அதை யாரிடமும் சொல்லவில்லை" என்ற இடத்தில் எந்த நடுவரும் ஒரு கணம் நின்றுவிடுவார். பல்லின் கனத்தையும் எறும்பின் வீம்பையும் ஒரே மூச்சில் சொல்லும் அந்த வாக்கியத்தைப் பெரியவர்களால் எளிதில் எழுதிவிட முடியாது. "மிகுந்த சிரமத்துடன்" என்பது யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய சொற்றொடர். அத்தகைய சொற்றொடர்கள் அடுத்தடுத்து வரும்போதுதான், பிள்ளையின் பேனாவை வேறொருவர் வாங்கிக்கொண்டது எங்களுக்குத் தெரிந்துவிடும்.

எல்லை எது என்று கேட்டீர்கள். எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டி அவளையே திருத்தச் செய்யலாம். விதிகளில் அதற்கும் தடை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். புரியாத இடத்தில், "இவள் புற்றுக்கு எப்படி வந்தாள்?" என்பது போலக் கேள்வி கேட்கலாம், விடையை அவள்தான் எழுத வேண்டும். ஒரு வாக்கியத்தை நீங்கள் சொல்லி அவள் எழுதினால், கையெழுத்து அவளுடையதாக இருந்தாலும் அது உங்கள் வாக்கியமே. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுத்து மெருகேற்றுவதும் இதே கணக்கில்தான் சேரும். முடிவில் சேர்த்த அறிவுரை வரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிறுவர் கதை என்றால் நீதி இருந்தே தீர வேண்டும் என்ற எண்ணம் பெரும்பாலும் பெரியவர்களுடையது. நான் படித்த கதைகளில் எத்தனையோ, கதை முடிந்த பிறகும் ஒரு பத்தி தள்ளித்தான் நின்றன.

மறுமொழி: தமிழாசிரியர்

பேச்சுத்தமிழைப் பற்றி: கதைசொல்லியின் பகுதி எழுத்துத்தமிழிலும் உரையாடல் பேச்சுத்தமிழிலும் அமைவது தமிழ்ச் சிறுகதையில் நெடுங்காலமாக இருக்கும் வழக்கம். ஆகவே, விதிகளில் வெளிப்படையான தடை இல்லாவிட்டால் தயங்க வேண்டாம். ஒரே பாத்திரம் ஒரு பக்கத்தில் "வேண்டாம்" என்றும் அடுத்த பக்கத்தில் "வேணாம்" என்றும் பேசாமல் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். தலைவி செந்தமிழிலும் மற்ற எறும்புகள் பேச்சுவழக்கிலும் பேசுவதாக உங்கள் மகள் விரும்பி அமைத்தால், அது வேறு, அழகாகவும் இருக்கும்.

சொல் எண்ணிக்கையில் தமிழுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. கணினி இடைவெளியை வைத்துத்தான் எண்ணுகிறது. "இழுத்துக்கொண்டிருந்தது" என்பதைச் சேர்த்து எழுதினால் ஒரு சொல். "இழுத்துக் கொண்டு இருந்தது" என்று பிரித்தால் மூன்று. சிறுவர்கள் பெரும்பாலும் துணைவினைகளைப் பிரித்தே எழுதுவதால், முறையாகச் சேர்த்தெழுதினாலேயே எண்ணிக்கை ஓரளவு இறங்கிவிடும். அதற்காகச் சேராத சொற்களையெல்லாம் ஒட்டவைத்து எண்ணிக்கையை ஏமாற்றக் கூடாது. படிப்பவர் மூச்சுத் திணறிப்போவார். சில போட்டிகளில் சொற்களுக்குப் பதிலாக எழுத்துகளை எண்ணுவார்கள். அங்கே "கொ" நமக்கு ஓர் எழுத்து, ஒருங்குறியிலோ (யூனிகோடு எனும் கணினி எழுத்துமுறை) "க"வும் உயிர்க்குறியும் தனித்தனியாக இரண்டு. அப்படி ஒரு வரம்பு இருந்தால் எந்த முறையில் எண்ணுகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் குறியீடுகளாகத் தெரியும் என்பதால், ஒருங்குறியிலேயே அனுப்புங்கள்.

மறுமொழி: இன்னொரு பெற்றோர்

நடுவர் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் முழுமையாக ஏற்க முடியவில்லை. என் மகன் கலந்துகொண்ட ஒரு போட்டியில் பரிசு பெற்ற கதைகளைப் படித்தபோது, அவற்றுள் ஒன்றுகூடப் பத்து வயதுப் பிள்ளையின் நடையில் இல்லை என்றே எனக்குத் தோன்றியது. எல்லோரும் திருத்தி அனுப்பும் இடத்தில் நம் பிள்ளை மட்டும் பிழையோடு போய் நிற்பதா என்ற கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை.

அது இருக்கட்டும். விதிகளின் கடைசிப் பகுதியைப் படித்தீர்களா? அனுப்பப்படும் கதைகள் அனைத்தின் முழு உரிமையும், பரிசு பெறாதவை உட்பட, நடத்துபவர்களுக்கே சேரும் என்று ஒரு வரி சில போட்டிகளில் ஒளிந்திருக்கும். பரிசுக் கதைகளை ஒருமுறை வெளியிடும் அனுமதி கேட்பது நியாயம். எல்லாவற்றையும் எழுதி வாங்குவது வேறு. 1886-இல் உருவான, பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில், எங்கும் பதிவு செய்யாமலேயே, எழுதியவருக்குப் பதிப்புரிமை வந்துவிடுகிறது. எழுதியவர் சிறுமி என்பதால் அது குறைந்துவிடுவதில்லை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுவது மட்டும் பெற்றோர் பொறுப்பாக இருக்கும். வயது எந்த நாளைக்கொண்டு கணக்கிடப்படுகிறது என்பதையும் பாருங்கள். முடிவு வரும்வரை கதையை இணையத்தில் பகிராதீர்கள், ஏனெனில் அதையும் "முன்பே வெளியானது" என்று கருதும் போட்டிகள் உண்டு.

மறுமொழி: நடுவராக இருந்த ஒருவர்

உங்கள் ஆதங்கம் பொய்யில்லை. பெரியவர் எழுதிய கதை எங்கள் கண்ணுக்குத் தப்பிப் பரிசு வாங்கியதும் நடந்திருக்கும். ஆனாலும் இரண்டு கதைகள் சமமாக நிற்கும்போது, நான் பார்த்த குழுக்களில், பிழையோடிருந்த உயிருள்ள கதைக்காகத்தான் வாதாடினார்கள்.

கேள்வி கேட்ட தாய்

அனைவருக்கும் நன்றி. கையெழுத்துப் பிரதியை மீண்டும் எடுத்து, அவள் எழுதியபடியே முதலிலிருந்து தட்டச்சு செய்தேன். பிழையுள்ள சொற்களின் அடியில் பென்சிலால் கோடிட்டுக் கொடுத்தேன். பெரும்பாலானவற்றை அவளே திருத்திவிட்டாள். குறைக்கும் வேலையையும் அவளிடமே விட்டேன். சத்தமாகப் படிக்கச் சொன்னபோது, எந்த இடத்தில் அவளுக்கே அலுத்ததோ அங்கே அடித்துக்கொண்டு வந்தாள். முதலில் போனது, சிறுமி பல் துலக்கிப் பால் குடித்து உறங்கப்போகும் நீண்ட தொடக்கம்; என்னுடைய விடாமுயற்சி வரி தட்டச்சின்போதே போய்விட்டது. உரிமை பற்றிய பகுதியைப் படித்தேன், பரிசுக் கதைகளை ஒரு தொகுப்பில் வெளியிட மட்டுமே அனுமதி கேட்டிருக்கிறார்கள்.

இப்போது 511 சொற்களில் வந்து நிற்கிறது. மிச்சம் பதினொன்றுக்காகத் தலைவியின் பேச்சில் கைவைக்க வேண்டும் என்றேன். தலைவி குறைவாகப் பேசினால் யாரும் அவளைத் தலைவி என்று நம்ப மாட்டார்கள் என்று சொல்லி, பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறாள்.