பாட்டில் தண்ணீர்: ஓசோன் போட்டும் கிருமி எண்ணிக்கை ஏறுவது ஏன்?

நீரோட்டம்: எங்கள் ஆலையில் தண்ணீர் போகும் வரிசை இது: மணல் ஃபில்டர், கார்பன், ஆன்டிஸ்கேலன்ட் (உப்புப் படியாமல் தடுக்கும் மருந்து), 5 மைக்ரான் ஃபில்டர், ஆர்.ஓ., ஓசோன் டேங்க், 0.2 மைக்ரான் ஃபில்டர், யூவி, ஃபில்லிங். நிரப்பிய அன்று டெஸ்ட் சுத்தமாக வருகிறது. அதே பேட்சை இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் எண்ணிக்கை ஏறிவிடுகிறது. டேங்கில் ஓசோன் 0.4 பி.பி.எம். (லிட்டருக்கு 0.4 மில்லிகிராம்) இருக்கிறது. இன்னும் கூட்டலாமா?

குழாய்க்காரர்: கூட்ட வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். யூவி விளக்கின் 254 நானோமீட்டர் ஒளி ஓசோனைச் சிதைத்துவிடும். ஓசோனை வேண்டுமென்றே அகற்றும் இடங்களில் அதே விளக்கைத்தான் போடுவார்கள். ஆக, பாட்டிலுக்குள் போகும் தண்ணீரில் ஓசோனே இல்லை. யூவிக்கு எச்சம் கிடையாது. விளக்கைத் தாண்டியபின் பாட்டிலிலோ மூடியிலோ ஒட்டியிருக்கும் கிருமியை அது தொடாது.

ஆர்.ஓ., 0.2 மைக்ரான், யூவி, கடைசியில் ஓசோன் என்று வையுங்கள். டேங்கில் 0.4 பி.பி.எம். அளவில் குறைந்தது 4 நிமிடம் தங்கட்டும். டேங்க் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். மூடி போட்ட கையோடு பாட்டிலைத் திறந்து இண்டிகோ டெஸ்ட் (ஓசோன் அளவைக் காட்டும் நிறச் சோதனை) செய்யுங்கள், 0.1 பி.பி.எம்.-க்குக் கீழே போகக் கூடாது. தண்ணீர் சூடாக இருந்தால் ஓசோன் இன்னும் வேகமாகச் சிதைந்துபோகும்.

நீரோட்டம்: 0.2 மைக்ரானை ஓசோனுக்குப் பிறகே விட்டுவிட்டால்?

குழாய்க்காரர்: பாலிப்ரொப்பிலீன் கார்ட்ரிட்ஜ் என்றால் ஓசோன் பட்டு நொறுங்கத் தொடங்கும், துகள் தண்ணீரில் வரும். அந்த இடத்தில் பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) போன்றவைதான் தாங்கும். வாஷர்களையும் பாருங்கள்: நைட்ரைல் ரப்பரில் வெடிப்பு விழும், ஈ.பி.டி.எம். ரப்பர் தாக்குப்பிடிக்கும்.

லேப் மேசை: ஓசோனைக் கூட்ட நினைப்பவர்கள் புரோமேட் என்ற நச்சை மறந்துவிடுகிறார்கள். தண்ணீரில் புரோமைடு இருந்தால் ஓசோன் அதைப் புரோமேட்டாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஆர்.ஓ. புரோமைடைப் பெருமளவு பிடித்துவிடும், சரி. ஆனால் டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு) ஏற்ற பைபாஸில் சுத்திகரிக்காத தண்ணீரைக் கலந்தால் அது திரும்ப வந்துவிடும். தரம் குறைந்த மினரல் உப்பிலும் வரும். பி.எச். ஏற ஏற புரோமேட்டும் கூடும் என்பதால் பி.எச். திருத்தத்தை அளவோடு செய்யுங்கள். ஆர்.ஓ. தண்ணீரில் பி.எச். 6-ஐ ஒட்டி இறங்குவது இயல்புதான். கார்பன் டை ஆக்சைடு ஆர்.ஓ. மெம்பிரேனை (சவ்வை) தாண்டி வந்து தண்ணீரைச் சற்று அமிலமாக்கிவிடும்.

வால்வு: வரிசையை மாற்றியும் கிருமி எண்ணிக்கை ஏறினால் கார்பன் படுகையைப் பாருங்கள். குளோரின் அங்கேயே தீர்ந்துவிடுவதால் அதற்குக் கீழே கிருமி வளர்கிறது. அதற்காகக் கார்பனை எடுத்துவிடவும் முடியாது, குளோரின் பட்டால் பாலிஅமைடு மெம்பிரேன் போய்விடும், உப்புத் தடுப்பு திரும்ப வராது. 80 டிகிரி வெந்நீரால் படுகையைக் கழுவலாம். டேங்கும் குழாயும் சூட்டைத் தாங்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். டேங்கின் காற்றுத் துளையில் 0.2 மைக்ரான் வென்ட் ஃபில்டர் இருக்கிறதா? தண்ணீர் இறங்கும்போதெல்லாம் அந்த வழியாகத்தான் அறைக் காற்று உள்ளே போகிறது. மூடி கொட்டும் ஹாப்பரைத் திறந்தே வைப்பதும் இதே ரகம்.