சோ மோரிரி ஏரியில் தண்ணீர் கூடினால் நல்லதுதானே?

பைக்_பாண்டி:
ஜூனில் லடாக் போகிறோம். சோ மோரிரி கரையிலேயே டென்ட் அடிக்க ஆசை. அதற்குள் ஒருவர், 'பனிப்பாறை உருகி அந்தப் பக்கத்து ஏரிகளே கெட்டுக்கொண்டிருக்கின்றன, நீங்கள் வேறு போய் மிதிக்காதீர்கள்' என்கிறார். பனி உருகினால் ஏரி பெருகத்தானே செய்யும்? அதில் என்ன கெடுதல்?

குளத்தங்கரையான்:
எனக்குக் கூந்தன்குளம் பக்கம், திருநெல்வேலி மாவட்டம். குளிர்காலத்தில் எங்கள் குளத்துக்கு வரும் வரித்தலை வாத்து இமயத்தைத் தாண்டி வருவது. இந்தியாவுக்குள் அது முட்டையிடுவது லடாக்கின் இந்த மாதிரி ஏரிகளில்தான். அதனால் அவற்றின் மேல் எங்களுக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு!

சோ மோரிரி 4,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஓடைகள் வந்து சேரும். வெளியே போக வழி கிடையாது. நம் குளம் மாதிரி மறுகால் பாயாது, ஆவியானால்தான் உண்டு. அதனால்தான் தண்ணீரும் உவர்ப்பு. கரையில் நாம் விடும் கழிவும் அங்கேயே தங்கும், அந்தக் குளிரில் லேசில் மக்காது.

பறவைகள் கூடு வைப்பது கரையோரச் சதுப்பிலும் சின்னத் திட்டுகளிலும். தண்ணீர் ஒரு முழம் ஏறினால் தாழ்வான திட்டு முழுகிவிடும். இறங்கினாலோ திட்டு கரையோடு ஒட்டிக்கொள்ளும், நாய் நடந்தே போய்விடும். உருகும் பனிப்பாறை கொஞ்ச காலம் வாரிக் கொடுக்கும். அது சிறுத்த பிறகு வரத்தே குறையும். ஆக, இரண்டு பக்கமும் இடிதான்.

பழைய_ஜவான்:
நாய் என்றதும் சொல்கிறேன். அந்தப் பக்கம் வேலை பார்த்தவன் நான். சமையல்கட்டுக்குப் பின்னால் மீந்த சோற்றைக் கொட்டினால், எங்கிருந்துதான் வருமோ, கூட்டமாக வந்து நிற்கும். சுற்றுலாக் கூடாரங்களிலும் இதே கதைதான். தீனி போட்டே பெருக்கிவிட்டோம். சீசன் முடிந்து கூடாரம் காலியானதும் அவை எதைத் தின்னும்? பறவைகளின் முட்டையையும் குஞ்சையும்தான். அங்கே கூடு வைக்கும் கருங்கழுத்துக் கொக்கு இடுவதே பெரும்பாலும் இரண்டு முட்டை.

பைக்_பாண்டி:
அப்போ போகவே வேண்டாமா?

குளத்தங்கரையான்:
தாராளமாகப் போங்கள் தம்பி. கோர்சோக் கிராமத்தில் ஹோம்ஸ்டே கிடைக்கும், அங்கே தங்குங்கள். காசும் ஊர்க்காரர் கைக்குப் போகும். பாதி தின்ற மேகியைக் கூட வெளியே கொட்டாமல் பையில் கட்டி லே நகரம் வரை கொண்டுவந்துவிடுங்கள். ஜூன்தான் அடைகாக்கும் காலம். போட்டோவுக்காகக் கிட்டே போனால் தாய் எழுந்துவிடும், முட்டை குளிரில் கிடக்கும். முக்கியமாக, கரையோரம் பசேலென்று புல்தரை மாதிரி தெரிகிற இடத்தில் பைக்கை இறக்கிவிடாதீர்கள். அதுதான் சதுப்பு.